ரெக்கார்டில் 37, திரையில் 0

ஆசிரியருக்கு வணக்கம்.

கலை, அறிவியல் கல்லூரிகளில் சி என்ற கணினி மொழித் தாளை எடுத்துவிட்டு பைத்தான் என்ற மொழியைக் கொண்டுவர வேண்டும் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பதினெட்டு வருடமாக பி.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகளுக்கு அந்த சி-யைச் சொல்லிக்கொடுப்பவள் நான். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்றும் புரோகிராம் எல்லாக் கல்லூரி லேபிலும் உண்டு. போன செமஸ்டரில் ஒரு மாணவியின் ரெக்கார்டு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். அடிக்கோடு போட்ட தலைப்பு, அல்காரிதம், புரோகிராம், கடைசியில் கட்டம் கட்டி அவுட்புட்: 98.6 கொடுத்தால் 37.000000. எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் புரோகிராமில் 5/9 என்று எழுதி, அதை 32 கழித்த எண்ணோடு பெருக்கியிருந்தாள். சி-யில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் உதிர்ந்துவிடும். அங்கே 5/9 என்பது பூஜ்யம். எவ்வளவு காய்ச்சல் கொடுத்தாலும் விடை 0.000000தான். சிஸ்டத்தில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டச் சொன்னேன். பூஜ்யம் வந்தது. "ரெக்கார்டுல சரியாத்தான் மேம் இருக்கு, சிஸ்டம்தான் தப்பா காட்டுது" என்றாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அவுட்புட் அவளுடைய சீனியரின் நோட்டிலிருந்து வந்தது, சீனியருக்கு அவருடைய சீனியரிடமிருந்து. எத்தனை கை மாறியதோ! அத்தனைக்கும் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

பைத்தானில் இந்தத் தவறு வராது என்பார் கட்டுரையாளர். உண்மைதான், பைத்தான் 3-ல் 5/9 ஒழுங்காக 0.555... என்று வரும் (பைத்தான் 2-ல் அங்கேயும் பூஜ்யமே). ஆனால் அதே பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறது. பத்தில் ஒன்றை, கணினி பயன்படுத்தும் இரும எண்ணாக (0, 1 மட்டும் கொண்டு) முழுசாக எழுத முடியாததன் விளைவு இது. அறிவியல் படிக்கிற பிள்ளை கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம். எங்கள் பிள்ளைகள் அதைத் திரையில் பார்த்தாலும் ரெக்கார்டில் 0.3 என்றுதான் எழுதுவார்கள். சி போய் பைத்தான் வந்தாலும் இந்தப் பழக்கம் கூடவே வரும்.

இன்னொன்று. இயற்பியல், கணிதப் பிள்ளைகளுக்கு முதல் முட்டுக்கட்டை சமக்குறிதான். 'எக்ஸ் = எக்ஸ் + 1' என்று போர்டில் எழுதியதும் ஒரு பையன் எழுந்தான். "ரெண்டு பக்கமும் எக்ஸை அடிச்சா 0 = 1னு வருதே மேம்?" பன்னிரண்டு வருடம் தராசு மாதிரி சமக்குறியைப் பழகியவன் கேட்க வேண்டிய கேள்வி அது. புரோகிராமில் அதற்கு 'எக்ஸில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டி எக்ஸிலேயே வை' என்று அர்த்தம். அல்கால், பாஸ்கல் மொழிகளில் மதிப்பைப் போட்டு வைப்பதற்கு := என்று தனிக் குறியே வைத்தார்கள். சி-யில் அது கிடையாது, பைத்தானிலும் சாதாரணமாக மதிப்பைப் போட்டு வைக்க வெறும் = தான். அன்று முழு வகுப்பும் அதற்கே போனது, போர்ஷன் பின்தங்கியது. பரவாயில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பேட்சிடம், முதல் வருடம் அவர்களே எடுத்த தனி ஊசல் ரீடிங்கைக் கொண்டுவரச் சொன்னேன். நீளம், இருபது அலைவுக்கான நேரம், அதிலிருந்து ஜி (புவியீர்ப்பு முடுக்கம், 9.8 வர வேண்டும்). நாற்பது பேருக்கு ஓடுகிற சிஸ்டம் பதினொன்றுதான். மற்றவர்கள் போனில் பைட்ராய்டு என்ற ஆப் போட்டு அதில் பைத்தான் எழுதினார்கள். ஒரு குழுவுக்கு ஜி 2.4 என்று வந்தது. "நிலாவுல ஊசல் கட்டிட்டு வந்தீங்களா?" என்று பக்கத்து பெஞ்சில் சிரித்தார்கள். நிலாவில்கூட 1.6தான். ஒரு மணி நேரம் தேடினார்கள். நேரத்தை இருபதால் வகுக்காமல் பத்தால் வகுத்திருந்தார்கள். அலைவு நேரம் இரண்டு மடங்கானது, ஜி கால்வாசியானது. கையால் எழுதும் ரெக்கார்டாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 9.8 என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அடுத்தவர் ரீடிங் வேறு என்பதால் பார்த்து எழுதவும் வழியில்லை. அந்தச் செமஸ்டரில் நான் உருப்படியாக நடத்தியது இந்த வேலை நடந்த இரண்டு வாரம்தான்.

1990-களின் தொடக்கத்து டர்போ சி மென்பொருளின் நீலத் திரையை இன்னும் வைத்துக்கொண்டிருப்பதைப் பற்றிக் கட்டுரை எழுதியதெல்லாம் சரி. அதை நானும் மூட்டை கட்டத் தயார். பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்: பன்னிரண்டு புரோகிராம் வேண்டாம், ஐந்து போதும். அதில் குறைந்தது இரண்டு, மாணவர் தம் கையால் எடுத்த ரீடிங்கில் இருந்து வரட்டும். அவுட்புட்டை எழுதக் கூடாது, பிரிண்ட் எடுத்து ஒட்டட்டும். தப்பாக வந்திருந்தால் தப்பையே ஒட்டி, ஏன் வந்தது என்று கீழே நான்கு வரி எழுதட்டும். தமிழில் எழுதினாலும் மார்க் போடலாம்.

அந்த மாணவியிடம் 37-ஐ அடித்துவிட்டு 0.000000 என்று எழுதச் சொன்னேன். பக்கத்திலேயே காரணத்தையும், திருத்திய வரியையும் எழுதினாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிராக்டிகல் அன்று எக்ஸ்டர்னலாக வந்தவர், ரெக்கார்டில் அடித்தல் திருத்தல் இருக்கிறது என்று இரண்டு மார்க் குறைத்துவிட்டார்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத இயற்பியல் ஆசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்.