இடைநிற்றலைத் தடுக்கும் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நூலகமும் இரத்ததான முகாமும் வழக்கம்போல நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுவதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் படிப்பை விடுவதில்லை. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக லீவு, அப்புறம் தேர்வுக்கு வராமை, கடைசியில் பெயர் நீக்கம். பள்ளி நாட்களில் 10 சதவீதத்தைத் தவறவிட்டாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 180 நாள் நடக்கும் பள்ளியில் அது 18 நாள். மாதத்துக்கு இரண்டு நாள்தான். வீட்டிலும் பெரிதாகத் தெரியாது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மாணவர்களை ஆராய்ந்த ராபர்ட் பால்ஃபான்ஸ் குழுவினர், வருகைக் குறைவு, நடத்தைச் சிக்கல், கணக்கிலோ மொழிப்பாடத்திலோ தோல்வி ஆகிய அறிகுறிகள் ஆறாம் வகுப்பிலேயே தெரிந்துவிடுவதாக 2007இல் எழுதினார்கள்.

அதனால் பெற்றோர் சம்மதத்தோடு, தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நம் உறுப்பினர் ஒருவர் போவது என்று முடிவு செய்தோம். போகிறவர் "ஏன் வரலை?" என்று ஆரம்பிக்கக் கூடாது, "என்ன உதவி வேணும்?" என்றுதான் கேட்க வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வராததற்குக் காரணம் படிப்பில் வெறுப்பு இல்லை. அம்மாவின் ஷிப்ட் மாறியதால், காலையில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. பக்கத்து வீட்டு உறுப்பினர் காலை நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். அவள் மறுவாரமே வகுப்புக்குத் திரும்பினாள். அறிவுரை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

தொழில் நடத்தும் உறுப்பினர்களுக்குத் தனி நன்றி. பள்ளி நேரத்தில் மாணவர்களுக்கு வேலை தருவதில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். கையில் காசு புழங்க ஆரம்பித்தபின் பையனை வகுப்புக்குத் திருப்புவது கடினம். மாலைநேரக் கணக்கு வகுப்பும் நடக்கிறது, ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990இல் தொடங்கிய 'செக் அண்ட் கனெக்ட்' திட்டத்தில், ஒரே வழிகாட்டி குறைந்தது இரண்டு ஆண்டு ஒரு மாணவருக்குத் துணையாக இருப்பார். அடிக்கடி ஆள் மாறினால் பிள்ளை மனம் திறக்காது. எனவே வரும் ஆண்டுக்கு, இரண்டு ஆண்டு நிலைத்து நிற்கக்கூடிய வழிகாட்டிகள் தேவை. வாரம் ஒரு மணி நேரம் போதும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்