அம்மிணிக்கு அப்பா எழுதுவது

அம்மிணி,

நாங்கள் இரண்டு பேரும் நலம். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கல்யாண ரிசப்ஷனுக்குக் கோயமுத்தூர் போய் ஓட்டலில் தங்கி வந்த விவரத்தைப் போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். ஆனால் நீ இப்போதெல்லாம் வண்டி ஓட்டும்போதோ, கடையில் நிற்கும்போதோதான் எடுக்கிறாய். "அப்புறம் கூப்பிடறேனுங்கப்பா" என்று வைத்துவிடுகிறாய். இவ்வளவு செலவு செய்து எங்களைத் தங்க வைத்ததற்கு அரைகுறையாக ரெண்டு வார்த்தை சொல்லி முடிக்க எனக்கு மனசில்லை. அதனால் எழுதுகிறேன். நானே படம் பிடித்து அனுப்புகிறேன், வேறு யாரும் இதைப் படிக்கவில்லை.

பெருந்துறையில் பெரிய ரோடு ஏறி, அவிநாசி தாண்டி, வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டோம். கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரைக்கும் 10 கிலோமீட்டர் மேம்பாலம், ஜி.டி.நாயுடு பெயரில் 2025 அக்டோபரில் திறந்தார்களே, அதில் போகலாம் என்று எனக்கு ஆசை. ஓட்டலைத் தாண்டிவிடுவோம் என்று டிரைவர் கீழேயே ஓட்டினான். ஒரு விதத்தில் அதுவும் நல்லதாகப் போயிற்று. அப்பாருவோடு நூல் எடுக்க இந்த ரோட்டில் வந்த காலத்தில் மில் சங்கு ஊதினால் ரோடு நிறைய சைக்கிள்தான் இருக்கும். 1888இல் ஸ்டேன்ஸ் மில்லில் ஆரம்பித்து, 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில் மேல் மில்லாகப் பெருகின ஊர். அவற்றில் பல இன்றைக்கு இல்லை. மில் இருந்த இடங்களில் கடைகளும் ஓட்டல்களும் வந்துவிட்டன. நாங்கள் தங்கின இடமும் அப்படி ஒன்றாக இருக்கலாம். கேட்டேன், அங்கே வேலை செய்கிற பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

ரூம் மதியம் இரண்டு மணிக்குத்தான் என்று சீட்டில் போட்டிருந்தது. வயசானவர்கள் என்று பார்த்துப் பன்னிரண்டு மணிக்கே கொடுத்துவிட்டார்கள். உட்கார வைத்து நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். உங்கம்மா கைத்தடியை ஒரு பையன் ஓடி வந்து வாங்கிக்கொண்டான். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, "உங்க பொண்ணு பேர்லதான் புக்கிங் இருக்குதுங்க" என்று உன் பெயரைப் படித்தாள். நீ பள்ளிக்கூடத்தில் எழுதின அதே இனிஷியலோடு படித்தாள். உங்கம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஆதார் அட்டைகளை எடுத்துக் கொடுத்தேன்.

ரூம் ஒன்பதாவது மாடி. சாவிக்குப் பதிலாக ஒரு அட்டை கொடுக்கிறார்கள், லிஃப்ட்டிலும் அதைக் காட்டினால்தான் நம் மாடிக்குப் போகிறது. உள்ளே போய் அட்டையைச் செருகினதும் விளக்கு, ஏசி, திரைச்சீலை எல்லாம் தானாக உயிர் பெறுகின்றன. ஜன்னல் சுவர் முழுக்கக் கண்ணாடி. சாயங்காலம் மேற்கே மலை வரிசை நீலமாகத் தெரிந்தது. உங்கம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு இருட்டும்வரை அங்கேயேதான் இருந்தாள். ஆனால் ஜன்னல் திறக்காது. கட்டடம் புதுசு, பெயின்ட் வாடையும் பசை வாடையும் இன்னும் போகவில்லை. காற்றைத் திறந்து விட வழியில்லாத ரூமில் அந்த வாடை ராத்திரியில் கூடத்தான் செய்கிறது. குளியலறைக்கும் கண்ணாடிச் சுவர்தான் வைத்திருக்கிறார்கள், உள்ளே திரை இறக்கிக்கொள்ளலாம். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. குளிக்கிற இடத்தில் வழுக்காத கல் போட்டு, பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்திருந்தார்கள். அதை யோசித்துச் செய்தவன் நன்றாக இருக்கட்டும்.

படுக்கையைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். விரிப்பின் ஓரத்தை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தேன். சுத்தப் பருத்தி, கலப்பு கிடையாது. நெடுக்கே ஓடுகிற பாவும் குறுக்கே ஓடுகிற ஊடையும் அறுபதாம் நம்பர் சன்ன நூல் இருக்கும். சாட்டின் நெசவு, நாலு இழை மேலே மிதந்து ஒரு இழைக்குக் கீழே போகிறது, அந்த மினுமினுப்பு அதனால் வருவது. சதுர அங்குலத்துக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து முந்நூறு இழை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இழை அறுந்து முடிச்சுப் போட்ட இடம் ஒன்றுகூடக் கையில் தட்டவில்லை. கரூர்ச் சரக்காகத்தான் இருக்க வேண்டும், உலகத்துக்கே படுக்கை விரிப்பு அங்கிருந்துதானே போகிறது. நம் சென்னிமலைப் பெட்ஷீட் கனமாக, கலர் கலராக இருக்கும், வீட்டுக்கு அதுதான் அழகு. ஓட்டலுக்கு வெள்ளைதான் சரி. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் வெளுக்கலாம், சாயம் இறங்கும் பயமில்லை. ஒரு சொட்டுக் கறை இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும், அதனால் வருகிறவனுக்கும் நம்பிக்கை. ஒரு கட்டிலுக்கு மூன்று செட் வைப்பார்கள்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். தறிக்காரன் வீட்டுப் பெண் எடுத்துக் கொடுத்த ரூமில், குறை சொல்ல முடியாத ஒரு துணியில் படுத்தேன் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

வாடகை எவ்வளவு என்று நீ சொல்லவில்லை. கையெழுத்துப் போடக் கொடுத்த தாளில் பார்த்துக்கொண்டேன். ரூம் 7,500 ரூபாய்க்கு மேல் போனால் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்குள் இருந்தால் 5 சதவீதம்தான். நீ 18 கட்டியிருக்கிறாய். ரெண்டு ராத்திரிக்கு அவ்வளவு வேண்டுமா, அம்மிணி? ஆர்.எஸ்.புரத்தில் சித்தப்பா வீட்டில் படுத்திருப்போம். நீ சம்பாதிக்கிறாய், கொடுக்க மனசு இருக்கிறது, சரி. ஆனால் இப்போது கையை இறுக்கிப் பிடித்துக்கொள். உன் சம்பளம் உன் பெயரில் இருக்கிற கணக்கிலேயே இருக்கட்டும். வாடகை ஒப்பந்தம், வண்டி, இன்ஷூரன்ஸ் எதெல்லாம் உன் பெயரில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். பொதுவாகத்தான் சொல்கிறேன். உன் நகைகள் லாக்கரில் அப்படியே இருக்கின்றன, லாக்கரும் உன் பெயரைச் சேர்த்துத்தான் எடுத்தது. அதைப் பற்றி நீ யோசிக்க வேண்டியதே இல்லை.

காலைச் சாப்பாடு ஏழிலிருந்து பத்தரை வரை. கண்ணுக்கெட்டிய தூரம் பதார்த்தம். கொங்குச் சமையல் என்று தனியாக ஒரு மேஜை போட்டிருந்தார்கள். சந்தகை, தேங்காய்ப்பால், எள்ளுப்பொடி, கச்சாயம் எல்லாம் இருந்தன. சந்தகை சூடு ஆறி இழை விறைத்துப்போய்விட்டது. பிழிந்த உடனே சாப்பிட வேண்டியதை மூடி போட்டு வைத்தால் அப்படித்தான் ஆகும். கச்சாயம் நன்றாக இருந்தது, உங்கம்மாவே ஒப்புக்கொண்டாள். அரிசிம்பருப்புச் சாதம் மதியத்துக்கு உண்டு என்றார்கள், நாங்கள் இருக்கவில்லை. காப்பி தனியாக ரூமுக்குக் கேட்டால் 300 ரூபாய்க்கு மேல். தண்ணீரைச் சுத்திகரித்துக் கண்ணாடிப் பாட்டிலில் வைக்கிறார்கள், பிளாஸ்டிக் இல்லாதது நல்ல காரியம். ஆனால் சிறுவாணித் தண்ணீர் ஓடுகிற ஊரில் ருசியே இல்லாத தண்ணீரைக் குடித்தது எனக்கு வருத்தம்தான்.

அங்கே பரிமாறின பெண் அன்னூர்ப் பக்கம். கேட்டரிங் படித்துவிட்டு வந்திருக்கிறாள். "இன்னொண்ணு வெச்சுக்குங்" என்று வீட்டில் சொல்வது போலவே சொன்னாள். உங்கம்மா அவளை விடவில்லை. சம்பளம் என்ன, தங்குவது எங்கே, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து எப்படிப் போகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஓட்டல் ஹாஸ்டலில் இருக்கிறாளாம், வீடு ஒரு மணி நேரத் தூரம்தான், ஆனாலும் ஊருக்குப் போவது மாதத்துக்கு ஒரு தடவைதானாம். "போனா கேள்வியா கேக்கறாங்கம்மா, அதான்" என்று சிரித்தாள். உங்கம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "கேட்டாக் கேக்கட்டும் கண்ணு, நீ போயிரு" என்றாள். மறுநாள் காலை அந்தப் பெண்ணுக்கு லீவு. அம்மா அவளைத் தேடிக்கொண்டே சாப்பிட்டாள்.

ரிசப்ஷனில் எல்லாரும் வந்திருந்தார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். ஐஸ்கிரீமுக்கு இருந்த கூட்டம் சாப்பாட்டுக்கு இல்லை. பெரியம்மா கேட்டாள், ஈரோட்டு மாமா கேட்டார், உன் கூடப் படித்தவளின் அம்மாகூடக் கேட்டாள். "தையில் வருவாள்" என்று சொன்னேன். அதற்கு மேல் கேட்டவர்களிடம் உட்காரச் சொல்லிவிட்டு நான் கை கழுவப் போனேன். நீ எடுத்துக் கொடுத்த ஓட்டலில்தான் தங்கியிருக்கிறோம் என்று சித்தப்பாவிடம் நானாகவே சொன்னேன். அவர் நாலு பேரிடம் சொன்னார். அதுவும் எனக்குப் பெருமைதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உங்கம்மாவிடம், "தையில் வந்தா நானும் அங்கேயே ரூம் போட்டுக்கறேன், நீங்க ரெண்டு பேரும் அங்க வந்துருங்க" என்று சொன்னாயாம். முதலில் எங்கள் சௌகரியத்துக்காகச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அந்த ரூமில் ரெண்டு ராத்திரி படுத்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ஒன்பதாவது மாடி, அட்டை இல்லாமல் யாரும் ஏற முடியாது, கதவுக்கு வெளியே தொந்தரவு செய்யாதே என்று ஒரு சிவப்பு விளக்கு. யாரும் வந்து எதுவும் கேட்க முடியாத இடம். உனக்கு அது தேவைப்படுகிறதென்றால் தப்பில்லை. நான் காரணம் கேட்கவில்லை. நீயாகச் சொல்கிறவரை கேட்கவும் மாட்டேன், உங்கம்மாவையும் கேட்க விடமாட்டேன். ஆனால் சிங்கப்பூரில் விமானம் மாறி ராத்திரியில் வந்து இறங்கி, பீளமேட்டிலிருந்து நேரே ஒரு வாடகை ரூமுக்குப் போய் என் பெண் தனியாகக் கதவைச் சாத்திக்கொள்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நம் மேல் அறையைச் சரி பண்ணிக்கொண்டிருக்கிறேன். வெளிப்படிக்கட்டு வழியாகவே ஏறிக்கொள்ளலாம், கூடத்துக்குள் வர வேண்டியதில்லை. குளியலறைக்கு அந்த ஓட்டலில் பார்த்த மாதிரியே வழுக்காத கல், கம்பி, கீசர். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாயிற்று, திறந்து வைத்தால் மலைக் கோயில் தெரியும். கரூரில் சொல்லி அறுபதாம் நம்பர் சாட்டினில் வெள்ளை விரிப்பு மூன்று செட் வாங்கிவிட்டேன். கட்டில் பெரிதாகவே போட்டிருக்கிறேன். இரண்டு பேர் வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி. தறிச் சத்தம் இடைஞ்சலாக இருந்தால் ராத்திரி ஷிஃப்ட்டை நிறுத்திக்கொள்கிறேன், ஆர்டர் ஒன்றும் அவசரமில்லை.

அந்த அறையில் சின்ன அத்தை இருந்தது உனக்கு நினைவிருக்கும். அவள் வந்த வாரம் திண்ணையில் உட்கார்ந்து விசாரித்தவர்களுக்கு அப்பாரு சொன்ன பதிலும் நினைவிருக்கும். இந்த வீட்டில் அந்தப் பதில் இன்னும் மாறவில்லை.

தைப்பூசத் தேருக்கு உறவு முழுக்க வரும். அந்தக் கூட்டம் வேண்டாம் என்றால் தேர் முடிந்து எல்லாரும் கிளம்பின பிறகு வா. சாமி எங்கேயும் போகாது. 1320 படியும் வேண்டாம், மலைக்கு மேலே கார் போகிறது, விடிகாலையில் நாம் மூன்று பேரும் போய்விட்டு வந்துவிடலாம். எத்தனை நாள் இருக்கிறாய் என்றும் இப்போதே முடிவு செய்யாதே. திரும்புகிற டிக்கெட்டைத் தேதி மாற்றிக்கொள்கிற மாதிரி எடு, கூடக் கொஞ்சம் ஆனால் நான் தருகிறேன். ராத்திரியில் வண்டி ஓட்டாதே. வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுக்காதே. கை இறுக்கமாக இருக்கட்டும் என்று முன்பே எழுதிவிட்டேன், மறுபடியும் சொல்கிறேன்.

உன் கூட வேலை செய்கிற அந்தக் கேரளத்துப் பெண் பக்கத்தில்தான் இருக்கிறாளா? வாரத்துக்கு ஒரு தடவையாவது அவள் வீட்டில் போய்ச் சாப்பிடு. அவள் நம்பரை அம்மாவுக்கு அனுப்பி வை, எதற்கும் இருக்கட்டும்.

தைக்கு அந்த ஓட்டலில் ரூம் போட்டுவிட்டதாகவும் சொன்னாயாம். கிளம்பும்போது வரவேற்பில் கேட்டுவிட்டு வந்தேன். வருகிற தேதிக்கு முந்தின நாள் வரை ரத்து செய்தால் பணம் பிடிக்க மாட்டார்களாம். ரத்து செய்துவிடு. எந்த விமானம் என்று எனக்கு மட்டும் எழுது, நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா