அறிவிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாநில அரசுகளின் தொழில்துறைச் செயலாளர்களுக்கும், நெருக்கடி நேரத்தில் அரசு அறிவிப்புகளின் வரைவை எழுதும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கொரோனா தொற்று பரவிய 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கணக்கு எழுதியதைவிட உங்கள் அறிவிப்புகளைப் படித்துப் பொருள் சொன்னதுதான் அதிகம். மாலையில் உத்தரவு வரும். அரை மணி நேரத்தில் போன் அடிக்கத் தொடங்கும். "நாளைக்குக் கடையைத் திறக்கலாமா, கூடாதா?" இவ்வளவுதான் கேள்வி. அதற்கான பதில் உத்தரவில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ஏதாவது ஓர் உட்பிரிவில், "மேற்கண்ட பத்தியில் விலக்களிக்கப்பட்டவை நீங்கலாக" என்ற வரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

நிவாரணத் தொகை போதவில்லை என்று சொல்ல இதை எழுதவில்லை. போதவில்லைதான், ஆனால் அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அறிவிப்பின் சங்கதி. எப்போது, எதுவரை, யாருக்கு என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, சொன்னதில் நிற்கிற அறிவிப்பு சிறு வியாபாரிக்குப் பாதி நிவாரணம். குழப்பமான அறிவிப்போ, கொடுத்த பணத்தையும் திரும்பப் பிடுங்கப் பார்க்கும்.

இது பேச்சுக்குச் சொல்வதில்லை. ஜெர்மனியின் வடக்கு ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். 2020 மார்ச் கடைசியில் அங்கே 'உடனடி உதவி' என்ற பெயரில் பணம் தந்தார்கள். 5 பேர் வரை வேலை செய்யும் தொழிலுக்கு 9,000 யூரோ, 10 பேர் வரை என்றால் 15,000 யூரோ. இணையத்தில் விண்ணப்பித்தால் சில நாட்களில் பணம் கணக்கில் விழுந்தது. அரசாங்கம் இவ்வளவு வேகமாகக்கூட ஓடுமா என்று வியக்க வைத்த வேகம். ஏப்ரலில் மோசடிக்காரர்கள் அரசுத் தளம் போலவே போலித் தளங்களைத் திறந்து விண்ணப்பத் தகவல்களைத் திருடியதால் பணம் கொடுப்பதைச் சில நாட்கள் நிறுத்த வேண்டியிருந்தது. சரி, அது திருடன் செய்த வேலை. அப்புறம் நடந்தது அரசே செய்த வேலை. விற்பனை விழுந்தாலே பணம் நமக்குத்தான் என்று நினைக்கும்படி முதலில் எழுதியிருந்தார்கள். பிறகு, கையில் ரொக்கம் எவ்வளவு பற்றாக்குறையானது என்று கணக்குக் காட்டு, மீதியைத் திருப்பிக் கொடு என்றார்கள். நடுவில் கேள்வி-பதில் பக்கம் திரும்பத் திரும்ப மாறியது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 2022 ஆகஸ்டில் டியூசல்டார்ஃப் நிர்வாக நீதிமன்றமும், 2023 மார்ச்சில் மியூன்ஸ்டரில் உள்ள மாநில உயர் நிர்வாக நீதிமன்றமும் பணத்தைத் திரும்பக் கேட்ட உத்தரவுகள் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தன.

தீர்ப்பு வர மூன்று ஆண்டுகள் ஆயின என்பதைக் கவனியுங்கள். அந்த 9,000 யூரோ தன்னுடையதா, கடனா என்று தெரியாமல் ஒரு முடி திருத்துபவரோ தையல்காரரோ எதை நம்பி ஒரு புது நாற்காலியோ தையல் இயந்திரமோ வாங்குவார்? மீண்டு எழுவது என்றால் செலவு செய்யத் துணிவது. அந்தத் துணிச்சலைத்தான் அந்தக் குழப்பம் தின்றது.

அடுத்தது அவகாசம். 2020 மார்ச் 24 அன்று இரவு 8 மணிக்கு அறிவித்து, நள்ளிரவிலிருந்தே இந்தியா முழுவதும் ஊரடங்கு என்றார்கள். நான்கு மணி நேரம். நோய் பரவும் வேகத்தைக் காரணம் காட்டி, முன்கூட்டிச் சொன்னால் கூட்டம் கூடும் என்று வாதிடலாம். அந்த வாதத்தை நான் முழுக்கத் தள்ளவில்லை. அடைப்பதற்கு அவசரம் இருக்கலாம். ஆனால் திறப்பதற்கு என்ன அவசரம்? "நாளை காலை முதல் அனுமதி" என்று முந்தின இரவு சொல்வதைப் பல நாடுகளில் பார்த்தோம். அதை நல்ல செய்தி என்று நினைத்துச் சொன்னீர்கள். கிடங்கு நிறையச் சரக்கும் மாதச் சம்பள ஆட்களும் வைத்திருக்கும் பெரிய நிறுவனம் மறுநாள் காலையிலேயே திறந்துவிடும். சிறியவருக்குச் சரக்குக்கு முன்பணம் புரட்ட வேண்டும், ஊருக்குப் போன வேலையாட்களைக் கூப்பிட வேண்டும், பழைய பாக்கியைக் கேட்கும் மொத்த வியாபாரியைச் சமாதானம் செய்ய வேண்டும். அவர் ஷட்டரைத் தூக்குவதற்குள் முதல் வார வியாபாரம் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். ஐந்து நாள் முன்னால் சொல்லுங்கள். உங்களுக்கு இதில் ஒரு காசு செலவில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2020 செப்டம்பர் 6 அன்று திறப்புக்கான படிநிலைகளை மொத்தமாக வெளியிட்டது. தினசரித் தொற்றின் 14 நாள் சராசரி 5-க்குக் கீழே வரவேண்டும், அப்படி வந்தாலும் அக்டோபர் 26-க்கு முன்னால் தலைநகர் மெல்போர்னில் கடைகள் திறக்க முடியாது என்று எழுதியே கொடுத்தார்கள். மிகக் கடுமை என்று வியாபாரிகள் திட்டினார்கள், திட்டியதில் நியாயமும் உண்டு. ஆனாலும் காலையில் தொற்று எண்ணிக்கையைப் பார்த்துத் தன் கடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஒருவர் கணக்குப் போட முடிந்தது. கடைசியில் அக்டோபர் 28-இல் திறந்தார்கள். சொன்ன தேதிக்கு இரண்டு நாள்தான் தள்ளி.

கலிபோர்னியாவிலும் நன்றாகத்தான் தொடங்கினார்கள். தொற்றின் அளவைப் பொறுத்து மாவட்டங்களுக்கு ஊதா, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என நான்கு நிறங்கள், செவ்வாய்க்கிழமைதோறும் புதுப்பிப்பு. 2020 டிசம்பரில் அதன்மேல், வீட்டிலேயே இருங்கள் என்று இன்னொரு உத்தரவு வந்தது. தீவிர சிகிச்சைப் படுக்கைகள் பற்றிய கணிப்புகளை வைத்தே அதை விலக்குவோம் என்றார்கள். அந்தக் கணிப்பைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, மக்களைக் குழப்பிவிடும் என்று மறுத்தார்கள். 2021 ஜனவரி 25 அன்று திடீரென உத்தரவு விலக்கப்பட்டது. விலைப்பட்டியல், வாடகை ஒப்பந்தம், வட்டி எல்லாவற்றையும் தினமும் படிக்கிறவர்களுக்கு ஒரு சதவீதக் கணக்கு புரியாது என்று எப்படித்தான் முடிவு செய்தார்களோ!

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் சில பகுதிகளில், 'கணிசமான சாப்பாட்டோடு' மட்டுமே மது விற்கலாம் என்று விதித்தார்கள். எது கணிசம்? இறைச்சியில் பொதிந்து பொரித்த அவித்த முட்டையான 'ஸ்காட்ச் முட்டை' சேருமா என்று நாடே விவாதித்தது. சேரும் என்றே நினைப்பதாக ஓர் அமைச்சர் சொன்னார். அது சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்கும் பண்டம்தான் என்ற இன்னோர் அமைச்சர், பிறகு தன் பேச்சை மாற்றிக்கொண்டார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அபராதச் சீட்டோடு ஆய்வாளர் வாசலில் நிற்கும்போது சிரிப்பு வராது.

கடன் திட்டங்களின் வரிசையில் யார் முன்னால் நிற்கிறார் என்பதையும் அறிவிப்புதான் முடிவு செய்கிறது. அமெரிக்காவில் சம்பளப் பாதுகாப்புக்கென ஒதுக்கிய 34,900 கோடி டாலருக்கு 2020 ஏப்ரல் 3-இல் விண்ணப்பம் தொடங்கியது. தனி ஆளாகத் தொழில் செய்பவர்களுக்கோ ஏப்ரல் 10-இல்தான் கதவு திறந்தது. ஏப்ரல் 16-இல் பணம் தீர்ந்துவிட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில், 20 பேருக்குக் குறைவான நிறுவனங்கள் மட்டும் விண்ணப்பிக்க 14 நாள் ஒதுக்கினார்கள். அந்த ஒரு வரியை முதல் நாளே எழுதியிருக்கலாம். இந்தியாவின் 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதமும் தொடக்கத்தில் 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் என்றே வந்தது. அதாவது ஏற்கெனவே வங்கிக்குக் கடன்பட்டவருக்குத்தான். கடனே வாங்காமல் காலம் தள்ளியவர் கணக்கிலேயே இல்லை.

இவை மத்திய அரசுகளின் திட்டங்கள், எங்களிடம் ஏன் சொல்கிறாய் என்பீர்கள். சாலையோர வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் வந்த 10,000 ரூபாய் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை இல்லாமல், வியாபாரிகள் கணக்கெடுப்பிலும் விடுபட்டவருக்கு நகர உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டது. அந்த வியாபாரிகளின் பட்டியல் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. தொற்று இல்லாத நாட்களில் அதைச் சரிபார்த்து வையுங்கள்.

கடைசியாக, என் தொழிலுக்கே உரிய ஒரு வேண்டுகோள். ஓர் உத்தரவைத் திருத்தினால் எந்த வரி மாறியது என்று முதல் பக்கத்தில் சொல்லுங்கள். பழைய வடிவத்தைத் தளத்திலிருந்து அழிக்காதீர்கள். தேதியும் எண்ணும் இல்லாத படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. எது செல்லும், எது செல்லாது என்று நான் ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் ஊகித்துச் சொல்கிறேன். அப்படிச் சொன்னதில் இரண்டு முறை தப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஒருவர் திறந்திருக்க வேண்டிய நாளில் கடையை மூடி வைத்திருந்தார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
கணக்கு எழுதுபவன்