ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜனவரி 25 வந்தால் பள்ளிகளில் வாக்காளர் தின உறுதிமொழி, பேரணி, கோலப்போட்டி எல்லாம் நடக்கின்றன. நடக்கட்டும். நான் ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியை. பல தேர்தல்களில் பூத் வேலையும் பார்த்தவள்.

கடைசியாகத் தலைமை அலுவலராக இருந்த தேர்தலில், காலையிலேயே ஒரு பையன் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். முதல் ஓட்டு. கையில் அடையாள அட்டை. பட்டியலில் பெயர் இல்லை. குடும்பம் வீடு மாறியபோது அப்பா தனக்கும் மனைவிக்கும் மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இவன் பெயர் பழைய ஊரிலேயே நின்றுவிட்டது. "கார்டு இருக்கே மேடம்" என்றான். பட்டியலில் பெயர் இருந்தால் ஆதாரைக் காட்டிக்கூட ஓட்டுப் போடலாம், பெயர் இல்லாமல் கார்டு மட்டும் உதவாது என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு வரும்வரை வாசலில் நின்றான்.

அவன் என்னிடம் படித்தவன் இல்லை. என்னைப் போன்ற ஒருவரிடம் படித்திருப்பான். உத்திரமேரூர் குடவோலையை வருஷா வருஷம் நடத்திய நான், புதுப் பெயருக்குப் படிவம் 6, வீடு மாறினால் படிவம் 8 என்று ஒருநாளும் கரும்பலகையில் எழுதியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் வகுப்புத் தலைவர் தேர்தலைக் கை தூக்கச் சொல்லி நடத்தினேன். பக்கத்துப் பையனைப் பார்த்துப் பார்த்துத்தான் கைகள் எழுந்தன. அடுத்த வாரம் பதிவேட்டில் கையெழுத்து, துணி மறைப்பு, சீட்டு, டப்பா என்று நடத்தியபோது கடைசி பெஞ்சுப் பெண் ஜெயித்தாள். அப்புறம் ஒரு பையன் மெதுவாக வந்து, "டீச்சர், கையெழுத்துப் போட்டேனே, யாருக்குப் போட்டேன்னு தெரிஞ்சிடுமா?" என்றான். பூத்தில் பெரியவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். காசு கொடுத்தவன் கண்டுபிடித்துவிடுவானோ என்ற பயம். பதிவேட்டில் வந்த ஆள் மட்டும்தான் இருக்கும், ஓட்டு இருக்காது. இயந்திரத்தில் ஓட்டு மட்டும்தான், ஆள் இருக்காது. ஓட்டு யாருக்கு விழுந்தது என்று காட்டும் விவிபாட் சீட்டு 7 விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடும், அதிலும் பெயர் கிடையாது. இதை வகுப்பிலேயே செய்து காட்டினால் அந்தப் பயம் பாதி போய்விடும்.

17 வயது முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் என்று, 18 வயது நிரம்பியதா என்று பார்க்கும் தகுதி நாளும் இப்போது நான்கு. பிளஸ் டூ வகுப்பில் ஜூன் மாதமே ஒரு பீரியட் ஒதுக்கி, வாக்குச்சாவடி நிலை அலுவலரைக் கூப்பிட்டுப் படிவத்தை அங்கேயே நிரப்ப வைக்கப் பள்ளிக் கல்வித் துறை உத்தரவு போடலாம். பல ஊர்களில் அந்த அலுவலரே ஒரு ஆசிரியர்தான். எங்கள் ஊரில் ஆள் கிடைக்காவிட்டால் நான் போகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் முடியாது, அன்றைக்குச் சந்தை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்.