ஸ்கேல் மதிப்பெண் ஏறினால்

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குழந்தைகள் பிரிவுக்கு மாறிவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம்.

பெருமூளை வாதமுள்ள பிள்ளையின் கால், மூட்டுகளைத் தனித்தனியாக அசைக்கும் கட்டுப்பாட்டைப் பார்க்கும் ஸ்கேல் (SCALE) சோதனையில் தசைநாண் அறுவைக்கு முன் 5 வாங்கி, ஓராண்டுக்குப் பின் 7 வாங்கினால், கட்டுப்பாடு கூடிவிட்டதென்று எழுதலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. பெருமூளை வாதத்தில் ஒரு மூட்டைத் தனியாக அசைக்க முடியாமல் போவது மூளையிலிருந்து இறங்கும் நரம்புப் பாதை பழுதானதால். தசைநாணை நீட்டுவதால் அந்தப் பாதை சரியாகாது. ஆகவே முதலில் சோதித்த விதத்தைச் சந்தேகி.

ஸ்கேலில் ஒரு காலுக்கு இடுப்பு, முழங்கால், கணுக்கால், சப்டேலார் (பாதத்தை உள்ளும் வெளியும் திருப்பும் மூட்டு), விரல்கள் என்று 5 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக அசைக்கவே முடியாவிட்டால் 0, குறையோடு அசைத்தால் 1, சரியாக அசைத்தால் 2. பெரும்பாலும் தகராறு முழங்காலில்தான். கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, மூன்று விநாடிக்குள் "நீட்டு, மடக்கு, நீட்டு" என்கிறோம். ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) இறுகிய பிள்ளை காலை நீட்டும்போதே உடம்பு பின்னால் சாயும். அதை வேறு மூட்டின் அசைவாகக் கணக்கிட்டு 1 போட்டிருப்பார்கள். தசையை நீட்டியபின் சாய்வு போய்விடும், 2 கிடைக்கும். கட்டுப்பாடு என்னவோ அதேதான்! அதனால் அறுவைக்கு முன்னும் பின்னும் சோதிக்கும்போது கையைப் பின்னால் ஊன்றிச் சற்றுச் சாய்ந்தே உட்காரட்டும்.

கணுக்காலில் நேரெதிர். குதிகால் நாண் நீண்டதும் நீ அசைத்துப் பார்க்கும் வீச்சு, அதாவது மூட்டு அசையக்கூடிய அளவு, கூடுகிறது. பிள்ளை பழைய அளவே தூக்கினாலும் அது இப்போது பாதி வீச்சைத் தொடாது, மதிப்பெண் குறையும். எனவே கோணமானியால் அளந்த வீச்சை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவை. இடுப்பும் முழங்காலும் சேர்ந்து மடங்கும்போது மட்டும் பாதம் தூக்கினால், எவ்வளவு பலமாகத் தூக்கினாலும் 0தான். எதிர்க்காலிலும் ஒரு கண் இருக்கட்டும். அது கூடவே அசைந்தால் 1.

தசைநாணை இடம் மாற்றிப் பொருத்திய பாதத்தில் சப்டேலார் மதிப்பெண்ணைப் பழையதோடு ஒப்பிடவே வேண்டாம். இழுக்கும் தசையே வேறு.

மாவுக்கட்டு பிரித்த கையோடு சோதிப்பதில் பயனில்லை. வலியும் பலவீனமும் கட்டுப்பாட்டுக் குறைவைப் போலவே தெரியும். பிள்ளை 5, 50, 500 மீட்டர் தூரத்தை எப்படிக் கடக்கிறது என்று பார்க்கும் நடமாட்ட அளவுகோலும் முதல் ஆறு மாதம் இறங்கித்தான் இருக்கும். பெற்றோரிடம் இதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடு, பாவம், பயந்துபோவார்கள். ஒப்பிடுவதற்கு 12ஆம் மாதம் சரி.

அந்தப் பிள்ளையின் இரண்டு வீடியோவும் இருந்தால் அனுப்பு. மதிப்பெண்ணைச் சொல்லாமல் அனுப்பு. நானும் போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
சாந்தி