தலைகீழாகப் பார்த்தால் 98ம் 86 ஆகிறது: உங்கள் பல்ஸ் ஆக்சிமீட்டர் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

என் அம்மாவுக்கு 71 வயது. வீசிங் தொந்தரவு உண்டு. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று விரலில் மாட்டினால் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவையும் நாடித்துடிப்பையும் காட்டும் உங்கள் பல்ஸ் ஆக்சிமீட்டரைப் போன மாதம் 1,400 ரூபாய்க்கு வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை இரவு ஒன்றரை மணிக்கு அம்மாவுக்கு இருமல் அதிகமானது. விளக்கைப் போடாமல் அவர் விரலில் கருவியை மாட்டினேன். இருட்டில் சிவப்பாக இரண்டு எண்கள்: 89, 86. எது ஆக்சிஜன், எது நாடித்துடிப்பு என்று திரையில் ஒரு எழுத்தும் இல்லை. ஆக்சிஜன் எதுவானாலும் 90க்குக் கீழேதானே, அது ஆபத்தாயிற்றே! ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். வழி முழுக்க அம்மா என் கையை விடவே இல்லை.

அங்கே செவிலியர் மாட்டிய கருவி 98 காட்டியது. சரி, நம்முடையது பழுது போலிருக்கிறது என்று அதையும் மாட்டிப் பார்த்தோம். அதுவும் 98, நாடி 68. செவிலியர் சற்று யோசித்துவிட்டு, "எதிர்ப்பக்கம் நின்னு பார்த்தீங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம், கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றிருந்தேன். 98ஐத் தலைகீழாகப் பார்த்தால் 86. 68ஐப் பார்த்தால் 89.

அன்று வீண் அலைச்சலோடு போயிற்று. ஆனால் அம்மாவுக்கு உண்மையிலேயே 86 இருந்து, நான் அதை 98 என்று படித்திருந்தால்? "ஒன்றுமில்லை, தூங்கும்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்திருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

கருவியின் அளவீட்டில் குறையில்லை, பணமும் திரும்ப வேண்டாம். திரையிலேயே ஆக்சிஜன், நாடி என்று பெரிதாகக் குறியிடுங்கள். பொத்தானை அழுத்தினால் எண்கள் திரும்பிக்கொள்ளும் கருவிகள் சந்தையில் இருக்கின்றன; உங்களாலும் முடியும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மேல்பக்கம் எது என்று காட்டும் ஒரு ஸ்டிக்கராவது அனுப்புங்கள்.

அப்புறம், அந்தப் பொடி எழுத்து ஆங்கிலத் தாளுக்குப் பதில் தமிழில் ஒரு பக்கம் போதும். கை சில்லென்றிருந்தால் தேய்த்துச் சூடாக்க வேண்டும், நகப்பூச்சு கூடாது, கையை அசைக்காமல் எண் நிலைக்கும்வரை பொறுக்க வேண்டும், ஒன்றிரண்டு எண் கூடக்குறைய வருவது சகஜம், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் தங்களுக்கு எது சரியான அளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் அந்தச் செவிலியர் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார்.

இப்போதைக்கு அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் கருவியின் மேல்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். என்ன செய்யப் போகிறீர்கள் என்று 15 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
உறையூர், திருச்சி