பேக்கேஜ் பட்டியலுக்கு ஒரே இடம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய நிறுவனங்கள் தங்கள் நிரல்கள் எல்லாவற்றையும் ஒரே களஞ்சியத்தில், நாங்கள் மோனோரெப்போ என்று சொல்வதில், வைத்துக்கொள்வதைப் பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அப்படி வைத்த பிறகு தினமும் படுத்தும் விஷயம் ஒன்று அதில் வரவில்லை. அதற்குள் எது எது பேக்கேஜ் (தனியாக உருவாக்கி டெஸ்ட் செய்யக்கூடிய நிரல் தொகுப்பு) என்று, நிரலைக் கட்டித்தரும் பில்டு கருவிக்கு எப்படித் தெரியும்?

பல இடங்களில் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களைக் கையாளும் என்பிஎம் கருவியின் வொர்க்ஸ்பேஸில் (சேர்ந்து வேலை செய்யும் பேக்கேஜ்களின் தொகுதி) ஒரு பட்டியல், டைப்ஸ்கிரிப்ட் அமைப்பில் இன்னொன்று, டெஸ்ட் கருவிக்குத் தனியாக ஒன்று, மாற்றங்களைத் தானாகப் பரிசோதிக்கும் சிஐ அமைப்பின் ஸ்கிரிப்டில் யாரோ எப்போதோ எழுதிவைத்தது ஒன்று. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் புதிதாகச் சேர்த்த ஒரு பேக்கேஜ் டெஸ்ட் பட்டியலில் ஏறவே இல்லை. அதன் டெஸ்டுகள் ஒருமுறைகூட ஓடாமலே சிஐ வாரக்கணக்கில் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. எர்ரர் வந்தால் யாராவது பார்ப்பார்கள், இப்படிச் சத்தமில்லாமல் விடுபடுவதுதான் எனக்குப் பயம்.

சரி, பட்டியலே வேண்டாம், பேக்கேஜின் விவரம் எழுதிய பேக்கேஜ்.ஜேசன் கோப்பு இருக்கும் ஃபோல்டரையெல்லாம் கருவியே தேடிக்கொள்ளட்டும் என்கிறார்கள் சிலர். அது இன்னும் மோசம். வெளியிலிருந்து இறக்கிய பேக்கேஜ்களை வைக்கும் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் அந்தப் பெயரில் ஆயிரக்கணக்கான கோப்புகள் கிடக்கும், டெஸ்டுக்காக வைத்த போலி பேக்கேஜ்கள் வேறு இருக்கும், அவற்றையெல்லாம் ஒதுக்க விதிமேல் விதி எழுதவேண்டும், எழுதியவர் ஒருநாள் வேறு வேலைக்குப் போய்விடுவார், அப்புறம் அதில் கைவைக்க யாருக்கும் தைரியம் வராது.

பல கணினிகளில் மென்பொருள்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ் திட்டம் இதில் நிறையவே பாடுபட்டது. கிளையன்ட்-கோ மாதிரி தனியாக வெளியிடப்படும் மாட்யூல்கள் (கோ மொழியில் பேக்கேஜ்களின் தொகுப்புக்கு இந்தப் பெயர்) அதன் முதன்மைக் களஞ்சியத்தில் ஸ்டேஜிங் என்ற ஃபோல்டருக்குள் இருக்கின்றன. அவற்றை கோ மொழியின் கருவிகளுக்குக் காட்டுவதற்காக, சார்ந்திருக்கும் நிரல்களின் நகலை வைக்கும் வெண்டர் ஃபோல்டரில் சிம்லிங்க் (வேறிடத்தைச் சுட்டும் இணைப்பு) போட்டு, நிரலைத் தானாக எழுதித்தரும் ஸ்கிரிப்டுகளுக்கு, மாட்யூல்களுக்கு முன்பிருந்த பழைய கோபாத் ஃபோல்டர் அமைப்பு இருப்பதுபோலக் காட்டி ஒப்பேற்றிவந்தார்கள். 2022 மார்ச்சில் வந்த கோ 1.18இல் கோ.வொர்க் என்ற கோப்பு அறிமுகமானது, எந்தெந்த மாட்யூல் சேர்ந்தது என்று அதில் எழுதினால் போதும். வெண்டர் வசதி அதோடு ஒத்துப்போக 2024 பிப்ரவரியில் கோ 1.22 வரவேண்டியிருந்தது. அதே ஆண்டு 1.30 பதிப்பில் குபர்னெட்டீஸ் கோ.வொர்க்குக்கு மாறிக்கொண்டது.

மற்ற மொழிகளிலும் கருவிகளிலும் இந்த வசதி இருக்கிறது. ரஸ்ட் மொழியில் கார்கோ மெட்டாடேட்டா என்று ஒரு கட்டளை கொடுத்தால் வொர்க்ஸ்பேஸின் உறுப்பினர்கள் எல்லாம் மற்றக் கருவிகள் படிக்கக்கூடிய ஜேசன் வடிவில் வந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மோனோரெப்போக்களுக்கான லெர்னாகூட 2023இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து, நாம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, பேக்கேஜ் மேனேஜரின் வொர்க்ஸ்பேஸ் பட்டியலையே எடுத்துக்கொள்கிறது. பட்டியலில் ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் குறிக்க நட்சத்திரக் குறி போடலாமா, ஒவ்வொன்றாக எழுதவேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மைக்ரோசாஃப்டின் ரஷ் என்ற மோனோரெப்போ கருவி ஒவ்வொன்றாகத்தான் எழுதச் சொல்கிறது. எனக்கும் அதுவே பிடிக்கும், புது பேக்கேஜ் வந்தால் ரிவியூவில் ஒரு வரியாகக் கண்ணில் படும்.

எதுவானாலும் பட்டியல் ஓரிடத்தில் இருக்கட்டும், மற்றக் கருவிகள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பில்டு ஸ்கிரிப்டில் சொந்தமாக ஃபோல்டர் தேடும் வரிகளை வைத்திருப்பவர்கள் அவற்றை நீக்குவதற்கு முன்னால், அவை தரும் பட்டியலையும் வொர்க்ஸ்பேஸ் தருவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அந்த பேக்கேஜ்களின் டெஸ்டுகள் கடைசியாக எப்போது ஓடின என்று முதலில் தேடுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளராக இருக்கும் ஒரு வாசகர்